வேலூர் வெயில்ல ஒரு டிடிபி கடை கம்ப்யூட்டர்: சூடு ஏறினா நிறுத்துற சர்க்யூட் கட்டின முழு விவரம்

2013 மே மாசம், வேலூர். என் மச்சானோட டிடிபி கடை, பத்துக்குப் பன்னெண்டு அடி ரூம், மேல சிமெண்ட் ஷீட், ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின், எதிர்ப்பக்கம் கம்ப்யூட்டர் டேபிள், டேபிளுக்குக் கீழ மரக்கதவு போட்ட ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ள தான் சிபியு உக்காந்திருக்கும். தூசி படக்கூடாதுன்னு கதவை எப்பவும் சாத்தியே வச்சிருப்பான். கத்திரி வெயில்ல வெளிய 40 டிகிரி தாண்டுற ஊரு, ஷீட்டுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் கூட இருக்கும், அந்தப் பெட்டிக்குள்ள கைய விட்டா இட்லி குண்டான் மூடியத் திறந்த மாதிரி அடிக்கும்.

அந்த வருஷம் சித்திரையிலேயே கம்ப்யூட்டர் மதியம் ஆனா ஸ்லோ ஆக ஆரம்பிச்சிருச்சு. காலைல பத்து மணிக்கு நல்லா ஓடும், ரெண்டு மணிக்கு கோரல் டிரால ஒரு பத்திரிகை டிசைன நகத்தினா திரை ஒட்டிக்கிட்டு நிக்கும். வைரஸ்னு நெனச்சு ரெண்டு தடவ ஃபார்மட் பண்ணியிருக்கான். ஃபார்மட் பண்ண அன்னிக்கு ராத்திரி நல்லா ஓடும், அடுத்த நாள் மதியம் பழைய கதை. வைகாசி முகூர்த்தத்துக்கு பத்திரிகை ஆர்டர் குவிஞ்சிருந்த ஒரு வாரத்துல ஹார்ட் டிஸ்க்கே போயிருச்சு, பதினோரு கல்யாணப் பத்திரிகை ஃபைல் அதோட போச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு திரும்ப பேரு, நாள், நட்சத்திரம், மண்டபம்னு கேட்டு எழுதி வாங்கினான். ஒரு வீட்ல அந்தப் பொண்ணோட தாத்தா, எங்க பேரனுங்க பேரெல்லாம் திரும்ப சொல்லணுமா தம்பின்னு பொறுமையா உக்காந்து முப்பத்தி ரெண்டு பேரு சொன்னாராம். அத மச்சான் எங்கிட்ட சொல்றப்போ அவனுக்குக் குரல் உடைஞ்சு போச்சு. இதுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்னு அன்னிக்கு தான் முடிவு பண்ணேன்.

திறந்து பாத்ததும் தெரிஞ்சது

ஞாயித்துக்கிழமை போய் சைடு பேனல கழட்டினேன். பிராசஸர் ஹீட்சிங்க் (சூட்ட இழுத்து காத்துக்கு விடற அலுமினியக் கட்டி) மேல ஃபேன தூக்கினா, கீழ அலுமினிய ஃபின்னே தெரியல, பேப்பர் தூசியும் ஜெராக்ஸ் டோனரும் சேந்து கம்பளி மாதிரி ஒரு சாம்பல் படலம், அத ஒரே துண்டா உரிச்சு எடுக்க முடிஞ்சது. மதர்போர்டுல பிராசஸருக்கு பவர் குடுக்குற பக்கம் நிக்குற எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்ல ரெண்டு தலை வீங்கியிருந்துச்சு. கெப்பாசிட்டருக்கு சூடு தான் எமன், பொதுவா 10 டிகிரி கூடினா ஆயுசு பாதியாகும்னு கணக்கு, 105 டிகிரின்னு மேல எழுதியிருந்தாலும் அது அந்த சூட்டுல சில ஆயிரம் மணி நேரம் தான் தாங்கும்னு அர்த்தமே தவிர எத்தன வருஷம் வேணும்னாலும் தாங்கும்னு இல்ல. மல்டிமீட்டரோட வர்ற தெர்மோகப்பிள் புரோபை உள்ள விட்டு அரை மணி நேரம் ஓட்டினேன்: ரூம் 39, பெட்டிக்குள்ள 52. ஹார்ட் டிஸ்க்குக்கு பெரும்பாலும் 60 டிகிரி வரைக்கும் தான்னு அத தயாரிக்கறவங்களே போட்டிருப்பாங்க, சுத்தி இருக்குற காத்தே 52ன்னா டிஸ்க்கு என்ன கதியில இருந்திருக்கும்.

ஸ்லோ ஆனதுக்கும் காரணம் அங்கயே கெடச்சிருச்சு. உள்ள இருந்தது 65 வாட் கோர் 2 டுவோ. இன்டெல் பிராசஸருங்க பென்டியம் 4 காலத்துல இருந்தே சூடு எல்லைய தொட்டா தானா வேகத்த குறைச்சுக்கும், அதுக்கும் அடங்காம ஏறினா தானே ஒரு சிக்னல் குடுத்து மெஷின ஆஃப் பண்ண வச்சிரும். 2001ல ஓடுற கம்ப்யூட்டர்ல ஹீட்சிங்க கழட்டி காட்டின ஒரு வீடியோ ரொம்ப பிரபலம், பென்டியம் 4 வேகத்த குறைச்சுக்கிட்டு தப்பிச்சிருச்சு, அந்தக் காலத்து ஏஎம்டி ஆத்லான் புகை விட்டுச்சு, பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆக நம்ம கடை கம்ப்யூட்டர் மதியம் ஸ்லோ ஆனது வைரஸ் இல்ல, பிராசஸர் தன் உயிர காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு தடவ ஃபார்மட் பண்ணதும் வீண்.

சரி, பிராசஸர் தன்னைத்தானே பாத்துக்குதுன்னா நாம எதுக்கு தனியா சர்க்யூட் கட்டணும்னு ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி தான். பிராசஸர் காப்பாத்தறது தன்னை மட்டும். பக்கத்துல வீங்கிப்போய் நிக்குற கெப்பாசிட்டரயோ, கீழ சுத்துற ஹார்ட் டிஸ்க்கயோ அது கண்டுக்காது. அதோட அது வேகத்த குறைச்சுக்கிட்டு நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கும், அந்த நாள் பூராவும் மத்ததெல்லாம் வெந்துக்கிட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது.

மொதல் வேலையா சுத்தம் பண்ணேன், தெர்மல் பேஸ்ட் மாத்தினேன், வீங்கின கெப்பாசிட்டர மாத்தினேன், மரக்கதவ ஸ்க்ரூ கழட்டி வீட்டுக்கே அனுப்பிட்டேன். இது மட்டுமே பிராசஸர் சூட்ட பதினஞ்சு டிகிரி இறக்கிருச்சு. இத செய்யாம யாரும் சர்க்யூட்டுக்கு போகாதீங்க, தயவு செஞ்சு. ஆனா எனக்கு ஒரு பயம் மிச்சம் இருந்துச்சு. 2012, 13ல தமிழ்நாடு முழுக்க கரண்ட் கட் எவ்ளோ கடுமையா இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கடையில இன்வெர்ட்டர் இருக்கு, கம்ப்யூட்டர் அதுல ஓடும், ஆனா சீலிங் ஃபேனும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இன்வெர்ட்டர் லைன்ல இல்ல. மதியம் கரண்ட் போனா ரூம் அடைஞ்சிரும், கம்ப்யூட்டர் மட்டும் ஓடும். அந்த நேரத்துல ஹீட்சிங்க் ஃபேன் நின்னுச்சுன்னா, மச்சான் டீ குடிக்கப் போயிருந்தா?

எங்க வெட்டுறது

230 வோல்ட் லைன்ல ரிலே (காயிலுக்கு கரண்ட் குடுத்தா காண்டாக்ட இழுக்குற சுவிட்ச்) போட்டு வெட்டலாம்னு தான் பலரும் நெனப்பாங்க. தேவையே இல்ல. கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்குற டப்பா, அதாவது ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ல இருந்து மதர்போர்டுக்குப் போற 24 பின் கனெக்டர்ல ஒரு பச்சை ஒயர் இருக்கும், 16ஆவது பின். அத மதர்போர்டு, கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்யம் வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிச்சா எஸ்எம்பிஎஸ் ஓடும், விட்டா நிக்கும். அவ்ளோ தான். அந்த ஒயர்ல ஓடுற கரண்ட் ரெண்டு மில்லி ஆம்ப் கூட இல்ல. இன்னொண்ணு ஊதா ஒயர், 9ஆவது பின், அதுல கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் 5 வோல்ட் வந்துக்கிட்டே இருக்கும். நம்ம சர்க்யூட்டுக்கு சாப்பாடு அந்த ஊதாவுல இருந்து, வெட்டறது பச்சையில.

எஸ்எம்பிஎஸ் ஒயர நேரா வெட்டாதீங்க. 24 பின் எக்ஸ்டென்ஷன் கேபிள் தனியா கெடைக்குது, அத வாங்கி அதுல பச்சைய மட்டும் வெட்டி ரெண்டு நுனியயும் வெளிய எடுத்தேன், ஊதாவுலயும் கருப்புலயும் (அது கிரவுண்ட்) சிவப்புலயும் ஒரு கிளை ஒயர் எடுத்தேன். நாளைக்கு வேணாம்னா கேபிள உருவிட்டா மெஷின் பழையபடி. எஸ்எம்பிஎஸ் டப்பாவ எந்தக் காரணத்துக்கும் திறக்காதீங்க, உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 320 வோல்ட் கிட்ட நிக்கும், பிளக்க உருவின பின்னாடியும் கொஞ்ச நேரம் நிக்கும்.

இங்க ரிலே பத்தி ஒண்ணு சொல்லணும். கடையில ரிலேன்னு கேட்டா நீலக் கலர் சதுர ரிலே, 10 ஆம்ப் தாங்கறது, அத தான் எடுத்து நீட்டுவாங்க. பச்சை ஒயர்ல ஓடுற துளி கரண்ட்டுக்கு அது சரி வராது, பெரிய கரண்ட்டுக்குனு செஞ்ச காண்டாக்ட்ல மெல்லிசா படியற ஆக்ஸைட எரிச்சுத் தள்ள அந்த துளி கரண்ட்டால முடியாது, ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் ஒட்டாம போகும். டெலிபோன் போர்டுல வர்ற சின்ன ரெண்டு போல் (ஒரே நேரத்துல மாறுற ரெண்டு தனித்தனி காண்டாக்ட்) சிக்னல் ரிலே கேட்டு வாங்கணும், காண்டாக்ட்ல தங்கப் பூச்சு இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலாவது கடையில கெடச்சுது, 5 வோல்ட், காயில் 125 ஓம், 40 மில்லி ஆம்ப் இழுக்கும்.

சென்சார்

மொதல்ல எல்எம் 35 போட்டேன், டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், கணக்கு சுலபம். ஆனா அதுக்கு ஒரு மீட்டர் ஷீல்டு ஒயர் இழுத்ததும் அளவு குதிக்க ஆரம்பிச்சிருச்சு, நீள ஒயரோட கெப்பாசிட்டன்ஸ அந்த ஐசி தாங்காது, ஆசிலேட் ஆகும்னு டேட்டாஷீட்லயே இருக்கு, நான் அந்தப் பக்கத்த படிக்காம விட்டுட்டேன். அத விட்டுட்டு 10 கே என்டிசி தெர்மிஸ்டருக்கு (சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையற சென்சார்) மாறினேன், எவ்ளோ வேகமா குறையும்னு சொல்ற பீட்டா எண் 3950. 25 டிகிரில 10 கிலோ ஓம், 55ல 2.98, 65ல 2.09. மேல 5 வோல்ட் பக்கம் 10 கே ரெசிஸ்டர், கீழ கிரவுண்ட் பக்கம் தெர்மிஸ்டர், நடுவுல இருந்து வோல்டேஜ் எடுத்தா 55 டிகிரில 1.15 வோல்ட், 65ல 0.86 வோல்ட். டிகிரிக்கு கிட்டத்தட்ட 29 மில்லிவோல்ட் மாறுது, எல்எம் 35 குடுக்கறதுல மூணு மடங்கு. இன்னொரு நல்லதும் இருக்கு, ஒப்பிடற ரெஃபரன்ஸ் வோல்டேஜையும் அதே 5 வோல்ட்ல இருந்து பிரிச்சு எடுத்தா, சப்ளை 4.8 ஆனாலும் 5.1 ஆனாலும் ரெண்டு பக்கமும் ஒரே விகிதத்துல ஏறி இறங்கும், வெட்டுற டிகிரி நகராது.

தெர்மிஸ்டர எங்க வைக்கறதுங்கறதுல தான் நான் ரெண்டு வாரம் போக்கினேன், இந்த வேலையில பாதி இது தான்னு இப்ப சொல்லுவேன். மொதல்ல பின்பக்க ஃபேனுக்கு முன்னால காத்துல தொங்க விட்டேன். டெஸ்ட்டுக்கு ஹீட்சிங்க் ஃபேனோட பிளக்க உருவிட்டு மெஷினுக்கு முழு வேலை குடுத்தேன். சாஃப்ட்வேர்ல கோர் சூடு (பிராசஸரோட உள் சூடு) 96 காட்டுது, காத்துல தொங்குற என் தெர்மிஸ்டர் 44 காட்டுது. பின்பக்க ஃபேன் வெளிக்காத்த இழுத்துக்கிட்டே இருக்கு, ஹீட்சிங்க்ல ஃபேன் ஓடாததால அந்த சூடு காத்துக்கே வரல. அதாவது எந்த ஆபத்துக்காக இத கட்டினேனோ அந்த ஆபத்து வந்தா தான் அதுக்குத் தெரியாது. பகீர்னு ஆயிருச்சு.

அப்புறம் ஹீட்சிங்க் அடிப்பகுதியில, ரெண்டு ஃபின்னுக்கு நடுவுல எவ்ளோ கீழ போக முடியுமோ அவ்ளோ கீழ, தெர்மல் பேஸ்ட் தடவி மிளகு சைஸ் தெர்மிஸ்டர் முத்த உள்ள விட்டு, ஒரு அலுமினிய தகட்டுத் துண்ட ஆப்பு மாதிரி சொருகி அழுத்தி வச்சேன், காலுக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இப்ப கோர் 70ன்னா இங்க 50 கிட்ட காட்டும், வித்தியாசம் இருக்கு, ஆனா கூடவே ஏறுது கூடவே இறங்குது. ரெண்டாவது தெர்மிஸ்டர ஹார்ட் டிஸ்க் பக்கவாட்டுல அலுமினிய டேப்பால ஒட்டினேன்.

மூளை

எல்எம் 339, ஒரே ஐசில நாலு கம்பேரட்டர் (ரெண்டு வோல்டேஜ ஒப்பிட்டு எது பெருசுன்னு சொல்றது). ஒண்ணு ஹீட்சிங்க் 55 டிகிரிக்கு: பஸ்ஸர் அடிக்கணும், விண்டோஸ ஒழுங்கா ஷட்டவுன் பண்ணச் சொல்லணும். ரெண்டாவது 65க்கு: கேக்காம பச்சைய வெட்டணும். மூணாவது ஹார்ட் டிஸ்க் 50 தொட்டா பஸ்ஸர் மட்டும். நாலாவது பத்தி அப்புறம் சொல்றேன், அது தான் எனக்கு ரொம்ப பிடிச்சது.

ஒரே தடவையில டக்குனு வெட்டினா சேவ் பண்ணிக்கிட்டு இருக்குற ஃபைல் போகும், அதுக்கு தான் ரெண்டு படி. ஷட்டவுன் பண்ண சொல்றது எப்படின்னா, கேபினெட் முன்னாடி இருக்குற பவர் பட்டன லேசா ஒரு தட்டு தட்டினா விண்டோஸ் தானா மூடிக்கும்ல, அந்தப் பட்டனோட ரெண்டு பின்னுக்கு இணையா பிசி 817 ஆப்டோகப்ளர் (உள்ள இருக்குற வெளிச்சத்தால மாறுற குட்டி சுவிட்ச்) ஒண்ணு போட்டு அத அரை செகண்ட் ஆன் பண்ணா போதும். அரை செகண்ட 555 டைமர் பாத்துக்கும், 100 கே, 4.7 மைக்ரோஃபாரட், 1.1ஆல பெருக்கினா 0.52 செகண்ட். நாலு செகண்ட் தொடர்ந்து பிடிச்சா மதர்போர்டு அத கட்டாய ஆஃப்னு எடுத்துக்கும், அதனால தான் டைமர், கம்பேரட்டர நேரா இணைக்கக் கூடாது.

பஸ்ஸர் சேனல்ல 55ஐ ஒட்டி சூடு நிக்கறப்போ கீ கீன்னு வெட்டி வெட்டி அடிச்சுது. வெளியீட்ல இருந்து ரெஃபரன்ஸுக்கு 470 கே ரெசிஸ்டர் ஒண்ணு, ரெஃபரன்ஸ் வழியில 10 கே ஒண்ணு போட்டதும் சுமார் 100 மில்லிவோல்ட் பிடிமானம் கெடச்சுது, அதாவது 55ல அடிக்க ஆரம்பிச்சா 58 தொட்டாலும் 54க்கு வந்தாலும் அடிக்கும், 52 கிட்ட இறங்கினா தான் நிக்கும்.

இப்ப வெட்டுற படி. இதுல தான் யோசிக்க நெறைய இருந்துச்சு. சாதாரணமா நமக்குத் தோணுறது, சூடானா ரிலே இழுக்கணும், இழுத்தா பச்சை அறுபடணும். அப்படி கட்டினா, என் சர்க்யூட்டுக்கு சப்ளை போச்சுன்னாலோ, ஒரு சால்டர் விட்டுச்சுன்னாலோ, டிரான்சிஸ்டர் திறந்துக்கிச்சுன்னாலோ ரிலே எப்பவுமே இழுக்காது, கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடும், மச்சான் பாதுகாப்பு இருக்குன்னு நம்பிக்கிட்டு இருப்பான். அதான் தலைகீழா கட்டினேன்: எல்லாம் நல்லா இருந்தா ரிலே இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், பச்சை அந்த இழுத்த காண்டாக்ட் வழியா போகும், எது கெட்டாலும் ரிலே விட்டுரும், கம்ப்யூட்டர் நிக்கும்.

அடுத்தது, விட்டா விட்டபடியே நிக்கணும். இல்லன்னா சூடு இறங்கினதும் ரிலே திரும்ப இழுக்கும், மதர்போர்டு மறுபடி ஆன் ஆனாலும் ஆகும், திரும்ப சூடாகும், திரும்ப வெட்டும். இதுக்கு வழி எங்க ஊர் விவசாயி எல்லாருக்கும் தெரிஞ்சது தான், போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர். பச்சை பட்டன அழுத்தினா காண்டாக்டர் இழுக்கும், விரல எடுத்தாலும் தன் சொந்த காண்டாக்ட் வழியாவே காயிலுக்கு கரண்ட் எடுத்துக்கிட்டு நிக்கும், கரண்ட் போனாலோ ஓவர்லோடு வெட்டினாலோ விழுந்துரும், யாராவது போய் அழுத்தினா தான் திரும்ப. ரிலேவுல இருந்த ரெண்டாவது காண்டாக்ட இதுக்கு தான் வச்சேன். ஊதா 5 வோல்ட், அடுத்து பிடிச்சு நிக்குற காண்டாக்டும் பச்சை பட்டனும் இணையா, அடுத்து காயில், அடுத்து பிசி 547 டிரான்சிஸ்டர், அப்புறம் கிரவுண்ட். காயிலுக்குக் குறுக்க 1என்4148 டயோடு தலைகீழா. பட்டன் டிரான்சிஸ்டருக்கு மேல தான் இருக்குங்கறத கவனிங்க, சூடா இருக்கறப்போ டிரான்சிஸ்டர் திறந்திருக்கும், அதாவது கரண்ட விடாது, பட்டன எவ்ளோ நேரம் அழுத்திப் பிடிச்சாலும் ரிலே இழுக்காது. அவசரத்துல தீப்பெட்டி குச்சிய சொருகி பட்டன அமுக்கி வைக்குற பழக்கம் நம்ம பக்கம் உண்டு, அதுக்கும் இது மசியாது.

இப்ப நாலாவது கம்பேரட்டர். தெர்மிஸ்டர் ஒயர் அறுந்தா என்ன ஆகும்? ரெசிஸ்டன்ஸ் முடிவில்லாம போகும், சர்க்யூட் அத ரொம்ப குளிர்னு எடுத்துக்கும். குளிரா இருக்கே, ஓடட்டும்னு விட்டுரும். இவ்ளோ பாத்து பாத்து கட்டின பாதுகாப்பு ஒரு ஒயர் அறுந்தா குருடாயிரும். அதனால சென்சார் வோல்டேஜ் இயல்புக்கு மேல போனாலும் வெட்டணும். நான் ரெஃபரன்ஸ் 4.5 வோல்ட் வச்சேன், அது மைனஸ் 17 டிகிரிக்கு சமம், வேலூர்ல எந்தக் காலத்துலயும் வராது, பிசகவே வழி இல்லன்னு. ஒயர கழட்டினேன். ஒண்ணும் நடக்கல. ரிலே கல்லு மாதிரி நிக்குது. ஐசி மாத்தினேன், அதே தான். ராத்திரி ஒரு மணிக்கு டேட்டாஷீட்ட வரி வரியா படிச்சப்போ தான் புரிஞ்சது, 5 வோல்ட் சப்ளையில இந்த ஐசியோட இன்புட் 3.5 வோல்ட் வரைக்கும் தான் ஒழுங்கா ஒப்பிடும், ரெண்டு இன்புட்டும் அதுக்கு மேல போயிட்டா வெளியீடு ஹைலயே நின்னுரும். ஒரு இன்புட்டாவது உள்ள இருந்தா சரியா சொல்லும். ரெஃபரன்ஸ 3.3க்கு இறக்கினேன், அது 11 டிகிரிக்கு சமம், எங்க ஊர் மார்கழிக்கும் கீழ தான். ஒயர கழட்டினதும் டக். அந்த சத்தம் கேட்டப்போ வந்த நிம்மதி இருக்கே, சொல்லி முடியாது.

எல்எம் 339 ஓப்பன் கலெக்டர் வெளியீடுங்கறதால (கீழ கிரவுண்டுக்கு இழுக்க மட்டும் தான் தெரியும், மேல தள்ளாது), 65 டிகிரி கம்பேரட்டரையும் ஒயர் அறுந்தத பாக்குற கம்பேரட்டரையும் ஒரே புள்ளியில சேத்துக் கட்டி, ஒரே 1 கே புல்-அப் (5 வோல்ட்டுக்கு இழுக்குற ரெசிஸ்டர்) போட்டு, அங்க இருந்து இன்னொரு 1 கே வழியா டிரான்சிஸ்டர் பேஸுக்கு குடுத்தேன். ரெண்டுல எது கீழ இழுத்தாலும் ரிலே விழும். தனியா கேட் ஐசி எதுவும் வேணாம்.

ராத்திரி தானா ஆன் ஆன கம்ப்யூட்டர்

மாட்டி ஒரு வாரம் கூட ஆகல. ராத்திரி ஒம்போதரைக்கு மச்சான் போன் பண்றான்.

"மாமா, நான் ஷட்டவுன் பண்ணி, மானிட்டர் ஆஃப் பண்ணி, ஷட்டர பாதி இறக்கிட்டேன், உள்ள ஃபேன் சத்தம் கேக்குது. திரும்ப திறந்து பாத்தா சிபியு ஓடுது. என்ன மாமா இது?"

"பட்டன் எதுனா தொட்டியா?"

"சத்தியமா தொடல. நேத்தும் இப்படித்தான் இருந்திருக்கும் போல, காலைல வந்தப்போ ஓடிக்கிட்டு இருந்துச்சு, நான் தான் மறந்துட்டேன்னு நெனச்சேன்."

ரெண்டு நாள் பிடிபடல. அப்புறம் அவன் எப்படி மூடுறான்னு கேட்டேன்: கடைசியா பெரிய ஃபைல் ஒண்ண பிடிஎஃப் போட்டு அனுப்பிட்டு உடனே ஷட்டவுன். ஹீட்சிங்க் 53, 54ல இருக்கும். மெஷின் ஆஃப் ஆனதும் ஃபேன் நிக்குது, பிராசஸர்ல தேங்கின சூடு ஹீட்சிங்க் அடிப்பகுதிக்கு வருது, காத்து இல்லாததால தெர்மிஸ்டர் 55ஐ தாண்டுது, 555 அரை செகண்ட் தட்டு தட்டுது. ஓடுற மெஷினுக்கு அந்தத் தட்டு ஷட்டவுன், நின்ன மெஷினுக்கு அதே தட்டு ஸ்டார்ட். அணைச்ச அடுப்பு மேல வச்ச பால் பொங்கற மாதிரி தான், அடுப்ப அணைச்சாச்சுன்னு நாம திரும்பிக்கறோம்.

தீர்வு ஒரு ஒயரும் ஒரு ரெசிஸ்டரும். 555ஓட ரீசெட் பின், நாலாவது, அத ஊதாவுல இருந்து எடுத்து சிவப்பு 5 வோல்ட்டுக்கு மாத்தி, கிரவுண்டுக்கு ஒரு 10 கே. சிவப்புல மெஷின் ஓடறப்போ மட்டும் தான் வோல்டேஜ் இருக்கும். மெஷின் நின்னா டைமர் வாய மூடிக்கும்.

இன்னொரு தொல்லை ஜெராக்ஸ் மெஷின். அத ஆன் பண்றப்போ சில சமயம் கம்ப்யூட்டர் ஷட்டவுன் ஆக ஆரம்பிச்சிரும். ரிலே பக்கம் பிரச்சன இல்ல, ரிலே விடறதுக்கு சில மில்லிசெகண்ட் ஆகும், ஒயர்ல புகுற ஒரு கீற்று நாய்ஸ (மின் இரைச்சல) அது கண்டுக்காது, ஆனா 555க்கு ஒரு மைக்ரோசெகண்ட் போதும். தெர்மிஸ்டருக்கு இணையா 100 மைக்ரோஃபாரட் போட்டு, ஒயர முறுக்கிவிட்டேன். கால் செகண்ட் கிட்ட தாமதமாகும், பரவால்ல, ஹீட்சிங்க் கால் செகண்ட்ல ஒண்ணும் கொதிச்சிடாது.

அளவு வச்சதும் சோதனையும்

கணக்குல வந்த வோல்டேஜ அப்படியே நம்பல. ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி, லேப் தெர்மாமீட்டர், தெர்மிஸ்டர பாலித்தீன் கவர்ல சுத்தி தெர்மாமீட்டர் குமிழோட நூல் போட்டு கட்டி உள்ள விட்டு, 70ல இருந்து மெல்ல ஆறவிட்டேன். 55ல என் தெர்மிஸ்டர் 2.9 கிலோ ஓம் காட்டுச்சு, கணக்கு 2.98, நெருக்கம் தான். 65லயும் 55லயும் ரெஃபரன்ஸ செட் பண்ற பிரிசெட்ட (ஸ்க்ரூடிரைவரால திருகி மாத்துற ரெசிஸ்டர்) திருகி எல்இடி மாறுற இடத்துல நிறுத்தி, பிரிசெட் தலையில ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வச்சு பூட்டினேன்.

அப்புறம் நெசமான சோதனை. ஃபேன் பிளக்க உருவி, முழு வேலை குடுத்து, கையில கடிகாரத்தோட உக்காந்தோம். நாலாவது நிமிஷம் பஸ்ஸர், அடுத்த நொடி விண்டோஸ் மூட ஆரம்பிச்சுது. ரெண்டாவது தடவ வேணும்னே கோரல் டிரால சேவ் பண்ணாத ஃபைல் ஒண்ண திறந்து வச்சேன், சேவ் பண்ணவான்னு கேட்டுக்கிட்டு விண்டோஸ் அப்படியே நிக்குது, சூடு ஏறுது, 60, 62, 64, மச்சான் என் தோள பிடிச்சுக்கிட்டான், டக், எல்லாம் இருட்டு. கடைசியா சாஃப்ட்வேர் காட்டின கோர் சூடு 88. பிராசஸர் தானா வேகத்த குறைக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வெட்டியாச்சு. பச்சை பட்டன அழுத்தச் சொன்னேன், அழுத்தினான், இழுக்கல. பத்து நிமிஷம் கழிச்சு அழுத்தினான், இழுத்துச்சு. மொத்தச் செலவு ரிலேவும் கேபிளும் சேத்து 400 ரூபாய்க்குள்ள.

கம்ப்யூட்டருக்குப் போற கரண்டே நின்னு வந்தாலும் பச்சை பட்டன ஒரு தடவ அழுத்தணுங்கறது மட்டும் அவனுக்கு எரிச்சல். கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டு தானா இழுக்க வைக்க முடியும். நான் மாட்டேன்னுட்டேன். வெட்டினதுக்கு அப்புறம் ஒரு மனுஷன் வந்து ஏன்னு பாத்துட்டு தான் திரும்ப ஓடணும்.

அடுத்த வருஷம் ஆடி மாசம், நல்ல காத்து, வெயிலும் தணிஞ்சிருந்துச்சு. காலைல ஒம்போது மணிக்கு போன். "மாமா, பச்சை பட்டன் பிடிக்கவே மாட்டேங்குது, ராத்திரி பூரா ஆஃப்ல தான் இருந்துச்சு, சூடே இல்ல, தொட்டா சில்லுனு இருக்கு, உங்க சர்க்யூட் தான் போச்சு." மல்டிமீட்டர எடுத்துக்கிட்டு போனேன். சென்சார் வோல்டேஜ் 5. ஒயர கையால தடவிக்கிட்டே போனா கேபினெட்டுக்குப் பின்னாடி, டேபிள் மூலையில, எலி கடிச்சு ரெண்டு துண்டு, பக்கத்துல ஜெராக்ஸ் பேப்பர் துணுக்கு போட்டு கூடு கட்ட ஆரம்பிச்சிருக்கு. கீழ குனிஞ்சு அந்த நுனிய அவனுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்ப இது மட்டும் இல்லன்னா, ஒயர் அறுந்ததே தெரியாம ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்ல மாமா"ன்னான். ஒயர மாத்தி, ஸ்பைரல் ஸ்லீவ் சுத்தி, தரையில இருந்து ரெண்டடி மேல ஆணி அடிச்சு கட்டினேன். அவன் பச்சை பட்டன அழுத்தினான், டக்குனு பிடிச்சுக்கிச்சு.